தரைக்கு மேலே, தரைக்குக் கீழே: மிகை எண்ணும் குறை எண்ணும்

வேலூர்ப் பக்கம் யாராவது மனையோ நிலமோ வாங்கினால் அக்கம்பக்கத்தில் முதலில் விசாரிப்பது தண்ணீரைத்தான். "போர் எத்தனை அடி?" "நானூறு." "தண்ணி எத்தனையில நிக்குது?" "இருநூத்தி அம்பது." இந்தப் பேச்சில் யாரும் மைனஸ் என்று சொல்வதில்லை. போர் என்றாலே தரைக்குக் கீழே என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் சொல்லத் தேவையும் இல்லை.

அதே வீட்டு மொட்டை மாடியில், 30 அடி உயரத்தில், தண்ணீர் டேங்க் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டேங்கையும் போரையும் ஒரே காகிதத்தில், 'மேலே', 'கீழே' என்ற வார்த்தைகள் இல்லாமல், வெறும் எண்ணாக எழுத வேண்டும். 30, 250, 400 என்று எழுதினால் மூன்றும் ஒரே பக்கம் இருப்பதுபோல் ஆகிவிடும். அதனால் எண்ணுக்கு முன்னால் ஒரு குறி போடுகிறோம். டேங்க் +30. தண்ணீர் மட்டம் −250. போரின் அடிப்பகுதி −400. தரை 0.

குறை எண் என்பது இவ்வளவுதான். −250 என்பது 'இல்லாத 250' அல்ல. அது ஒரு இடம். பூச்சியம் என்று நாம் ஒத்துக்கொண்ட ஒரு புள்ளியிலிருந்து எந்தப் பக்கம் என்பதைக் குறி சொல்கிறது, எவ்வளவு தூரம் என்பதை எண் சொல்கிறது. "ஒன்றுமே இல்லாததற்கும் கீழே எப்படி ஒரு எண் இருக்க முடியும்?" என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் அது நல்ல கேள்வி. பூச்சியம் என்றால் 'ஒன்றுமில்லை' என்று மட்டுமே அதுவரை சொல்லிக்கொடுத்திருக்கிறோம். இங்கே பூச்சியம் ஒரு இடமாகவும் இருக்கிறது. நம் தரை மாதிரி. தரைக்குக் கீழே இடம் இருப்பதில் எந்த அதிசயமும் இல்லையே.

பெயர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டு போவது இயல் எண்கள். அதோடு பூச்சியத்தைச் சேர்த்தால் முழு எண்கள். அதோடு −1, −2, −3 என்று கீழ்ப்பக்கம் போகும் எண்களையும் சேர்த்தால் முழுக்கள். +1, +2, +3 மிகை முழுக்கள், −1, −2, −3 குறை முழுக்கள். பூச்சியம் இரண்டு பக்கமும் சேராது, ஆனால் அதுவும் ஒரு முழுதான். அரை, கால், தசமப்புள்ளி வைத்த எண்கள் இந்தக் கூட்டத்தில் கிடையாது. −250 உண்டு, −250.5 இல்லை. மிகை எண்ணுக்கு முன்னால் + போடாமல் விட்டாலும் அது மிகைதான்.

பூச்சியத்தை யார் வைத்தது?

இதில்தான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். பாடத்தில் எண்கோட்டை வரைந்து நடுவில் 0 போட்டதும், அந்த 0 கடவுள் வைத்தது மாதிரி ஆகிவிடுகிறது. அது நாம் வைத்ததுதான்.

நம் 400 அடி போரையே எடுத்துக்கொள்ளுங்கள். 400 அடி என்றால் ஏறக்குறைய 122 மீட்டர். தரையைப் பூச்சியமாக வைத்தால் போரின் அடி −122. ஆனால் வேலூர் நகரமே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 216 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தைப் பூச்சியமாக வைத்தால் அதே போரின் அடி 216 − 122, அதாவது +94. இடம் ஒன்றுதான், மண்ணும் பாறையும் ஒன்றுதான். பூச்சியத்தை மாற்றியதும் குறை எண் மிகை எண்ணாகிவிட்டது. ஆயிரம் அடிக்கு, அதாவது 305 மீட்டருக்கு, போர் போட்டால் அடிப்பகுதி கடல் மட்டத்துக்கும் கீழே போய்விடும்: 216 − 305 = −89. ரயில் நிலையங்களில் ஊர்ப்பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணுக்குப் பூச்சியம் கடல்.

வெப்பநிலையும் அப்படித்தான். செல்சியஸ் அளவில் தண்ணீர் உறையும் இடம் 0, கொதிக்கும் இடம் 100. ஆனால் 1742-இல் ஆண்டர்ஸ் செல்சியஸ் என்ற ஸ்வீடன் நாட்டு வானியலாளர் இந்த அளவை முதலில் முன்வைத்தபோது நேர் தலைகீழாக வைத்திருந்தார். கொதிப்பது 0, உறைவது 100. அவருடைய கணக்குப்படி குளிர் ஏற ஏற எண்ணும் ஏறும். பிற்பாடுதான் அதைத் திருப்பினார்கள். எந்த இடம் பூச்சியம், எந்தப் பக்கம் மிகை, இரண்டுமே மனிதர்கள் பேசி வைத்துக்கொண்டவை. ஒருமுறை பேசி முடித்தால் கணக்கு முடியும்வரை மாற்றக் கூடாது, அவ்வளவுதான். பிள்ளைகள் ஒரு கணக்கில் திணறினால், "இதில் பூச்சியம் எது?" என்று முதலில் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே போய்விடும்.

பூச்சியமே வைக்காத அளவு ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. கி.மு. 1-க்கு அடுத்த ஆண்டு கி.பி. 1. நடுவில் 0 என்று ஓர் ஆண்டு கிடையாது. அதனால் கி.மு. 5-லிருந்து கி.பி. 5 வரை 10 ஆண்டுகள் இல்லை, 9 ஆண்டுகள்தான்.

எது பெரியது?

−400, −250: எது பெரியது? 400 பெரிய எண், அதனால் −400 பெரியது என்று பல பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். போரை நினைத்துப் பார்த்தால் சந்தேகமே வராது. மேலே இருப்பது பெரியது, கீழே இருப்பது சிறியது. தண்ணீர் மட்டம் −250-இல் நிற்கிறது, போரின் அடி −400-இல் இருக்கிறது. தண்ணீர் மட்டம்தான் மேலே. ஆக −250 பெரியது. எண்கோட்டைப் படுக்கவைத்தால் வலப்பக்கம் இருப்பது பெரியது. நான் எப்போதும் முதலில் எண்கோட்டை நிற்கவைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். ஏறுவதும் இறங்குவதும் பிள்ளைக்கு உடம்பிலேயே தெரியும். இடம், வலம் அப்படித் தெரியாது. அப்புறம் படுக்கவைத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போவதை யாரும் பார்த்ததில்லை. மே மாதத்தில் 40-ஐத் தாண்டுவதுதான் நமக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருக்கும் கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் மைனஸ் 20, மைனஸ் 30 என்பது போனில் காதில் விழும் பேச்சு. சியாச்சினில் குளிர்காலத்தில் −50 வரைக்கும் இறங்கும். "நேத்து மைனஸ் இருபது, இன்னைக்கு மைனஸ் முப்பது" என்று அங்கிருப்பவர் சொன்னால் குளிர் கூடியிருக்கிறது என்று அர்த்தம். வெப்பநிலை குறைந்திருக்கிறது. −30 சிறியது.

இன்னொன்று. "போர் எத்தனை அடி?" என்றால் நானூறு என்கிறோம், மைனஸ் நானூறு என்பதில்லை. ஆழத்தை, அதாவது தூரத்தை மட்டும் கேட்கும்போது குறி தேவையில்லை. +30-உம் −30-உம் பூச்சியத்திலிருந்து ஒரே தூரம்தான், பக்கம்தான் வேறு. இப்படி இருக்கும் இரண்டு எண்களை ஒன்றுக்கொன்று எதிரெண் என்கிறோம். இரண்டையும் கூட்டினால் 0 வரும். இந்த எதிரெண்ணை நினைவில் வையுங்கள், சீக்கிரமே வேலைக்கு வரும்.

கூட்டலும் கழித்தலும்

கூட்டல் என்பது நகர்வது. மிகை எண்ணைக் கூட்டினால் மேலே, குறை எண்ணைக் கூட்டினால் கீழே. பாலாற்றைப் பார்த்தவர்களுக்கு இது எளிது. வருஷத்தில் பெரும்பாலான நாள் பாலாற்றில் மணல்தான் தெரியும், தண்ணீர் மணலுக்குக் கீழேதான். மணல் மட்டத்தைப் பூச்சியமாக வைப்போம். ஊற்றுத் தோண்டினால் 6 அடியில் தண்ணீர் என்றால், மட்டம் −6. மழை பெய்து மட்டம் 9 அடி ஏறினால்? −6 + 9. முதல் 6 அடி ஏறியதும் மணல் மட்டத்துக்கு வந்துவிடும், மீதி 3 அடி மணலுக்கு மேல். விடை +3, ஆற்றில் தண்ணீர் ஓடும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு குறையிலிருந்து பூச்சியத்தைத் தாண்டி மிகைக்குப் போவது எப்படி இருக்கும் என்று சொல்லித்தர வேண்டாம். மழையே இல்லாமல் −6-இலிருந்து இன்னும் 4 அடி இறங்கினால் −6 + (−4) = −10.

கழித்தலில்தான் பலரும் பயப்படுகிறார்கள், குறிப்பாகக் குறை எண்ணைக் கழிக்கச் சொன்னால். ஆனால் மோட்டார் போடுகிறவர்கள் தினமும் செய்யும் கணக்கு அது. மோட்டார் வாங்கும்போது தண்ணீரை எவ்வளவு உயரம் தள்ள வேண்டும் என்று பார்ப்பார்கள், ஹெட் என்பார்கள். மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது என்பதைவிட, மோட்டார் ஓடும்போது தண்ணீர் மட்டம் எங்கே நிற்கிறது என்பதுதான் அதற்கு முக்கியம். அப்போதும் மட்டம் −250 என்றே வைத்துக்கொள்வோம். டேங்க் +30. தள்ள வேண்டிய உயரம் 250-உம் 30-உம் சேர்ந்து 280 அடி. (குழாய்க்குள் உராய்வால் இழப்பதற்காக இதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துக்கொள்வார்கள். அது வேறு கணக்கு.) இப்போது இதையே எண்ணாக எழுதுங்கள். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடம் எவ்வளவு தூரம் என்று பார்க்கக் கழிக்க வேண்டும். போய்ச் சேரும் இடத்திலிருந்து புறப்படும் இடத்தைக் கழிப்பது வழக்கம்:

30 − (−250) = 280

−250-ஐக் கழித்தது 250-ஐக் கூட்டியது போலவே ஆகிவிட்டது. யாரும் விதி சொல்லவில்லை, மாயம் எதுவும் நடக்கவில்லை. இடையில் தரை இருப்பதால் இரண்டு தூரமும் சேர்கின்றன, அவ்வளவுதான். ஓர் எண்ணைக் கழிப்பதும் அதன் எதிரெண்ணைக் கூட்டுவதும் ஒன்று என்று பாடத்தில் வரும் விதி இதுதான்.

அதே போரில் இன்னொரு கணக்கு. போருக்குள் தண்ணீர் எத்தனை அடிக்கு நிற்கிறது? போரின் அடிப்பகுதி −400, தண்ணீர் மட்டம் −250. −250 − (−400) = −250 + 400 = 150. நூற்றைம்பது அடித் தண்ணீர். திருப்பிப் போட்டால், −400 − (−250) = −150. தூரம் அதேதான். இப்போது மேலிருந்து கீழே பார்க்கிறோம், அதனால் குறை.

இடங்களை விட்டுவிட்டுப் பணத்தில் பார்த்தாலும் இதே முடிவுதான் வரும். மளிகைக்கடை நோட்டில் உங்கள் பேரில் 500 ரூபாய் பாக்கி. உங்கள் நிலை −500. கடைக்காரர் அதில் 200 ரூபாய் பாக்கியை அடித்துவிடுகிறார். பாக்கியை எடுத்துவிடுவது என்றால் −200-ஐக் கழிப்பது. −500 − (−200) = −300. கையில் ஒரு ரூபாயும் வரவில்லை, ஆனாலும் உங்கள் நிலை 200 ஏறிவிட்டது. குறை எண்களுக்கு முறையாக விதி எழுதிய பிரம்மகுப்தர் இந்த வழியில்தான் யோசித்தார். 628-இல் அவர் மிகையைச் செல்வம் என்றும் குறையைக் கடன் என்றும் வைத்து, கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாவற்றுக்கும் விதி சொன்னார். அவருக்கும் முன்பே, மூன்றாம் நூற்றாண்டுச் சீனாவில் லியூ ஹுய் என்பவர் சிவப்புக் குச்சிகளை மிகைக்கும் கறுப்புக் குச்சிகளை குறைக்கும் வைத்துக் கணக்குப் போடுவதை விளக்கியிருக்கிறார். இன்று நஷ்டத்தைச் சிவப்பில் காட்டும் நம் வழக்கத்துக்கு நேர் எதிர். இதற்கெல்லாம் பல நூற்றாண்டு கழித்து, 1758-இல்கூட, பிரான்சிஸ் மசேர்ஸ் என்ற ஆங்கிலேயர் குறை எண்கள் இயற்கணிதத்தைக் குழப்புகின்றன, அவற்றை ஒதுக்கிவிட வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். பெரிய படிப்பாளிகளுக்கே இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. பிள்ளைக்கு இரண்டு வாரம் பிடித்தால் திட்டாதீர்கள்.

ஒரு பாட்டைப் பற்றி

"மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்." டியூஷன்களில் இதைப் பாட்டு மாதிரி ஒப்பிக்கவைக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். 'சேர்ந்தா' என்ற அந்த வார்த்தையில்தான் விஷம். பிள்ளை அதைக் கூட்டலுக்கும் போட்டுவிடும். −3 − 4 என்று கொடுத்தால் இரண்டு மைனஸ் தெரிகிறது, உடனே +7 என்று எழுதிவிடும். 3 அடி கீழே இருந்த தண்ணீர் இன்னும் 4 அடி இறங்கினால் 7 அடி கீழே இருக்குமா, 7 அடி மேலே இருக்குமா? கேள்வியை இப்படிக் கேட்டால் எந்தப் பிள்ளையும் தப்பாகச் சொல்லாது. −3 − 4 = −7.

இங்கே ஒரே சின்னம் இரண்டு வேலை பார்க்கிறது. −3-இல் இருக்கும் கோடு இடத்தைச் சொல்கிறது, பூச்சியத்துக்குக் கீழே என்று. அடுத்து வரும் கோடு கழி என்று கட்டளை இடுகிறது. குழப்பம் தீரும்வரை குறை எண்ணை அடைப்புக்குறிக்குள் போடச் சொல்லுங்கள்: (−3) − 4. எது இடம், எது கட்டளை என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். கொஞ்ச நாள் போனதும் அடைப்புக்குறி தானாக உதிர்ந்துவிடும்.

பெருக்கல்

இரண்டு குறை எண்களைப் பெருக்கினால் மிகை வரும் என்பது உண்மை. ஆனால் ஏன்? கோடையில் நம் போரில் மட்டம் மாதத்துக்கு 3 அடி இறங்குகிறது என்று வைப்போம். மாத மாற்றம் −3. இன்றைய மட்டத்தைப் பூச்சியமாக எடுத்துக்கொள்ளுங்கள். வரப்போகும் மாதங்கள் மிகை, போன மாதங்கள் குறை. 4 மாதம் கழித்து மட்டம் எங்கே இருக்கும்? (−3) × 4 = −12. இன்றைக்கு இருப்பதைவிட 12 அடி கீழே. சரி, 4 மாதத்துக்கு முன்னால் எங்கே இருந்தது? நேரம் பின்னால் போகிறது, அதனால் −4. மட்டம் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது என்றால் அப்போது இன்றைவிட 12 அடி மேலே இருந்திருக்கும். (−3) × (−4) = +12.

இது புரிவதற்கான உதாரணம். உதாரணம் போதாது, காரணம் வேண்டும் என்று கேட்கும் பிள்ளையும் வகுப்பில் ஒன்றாவது இருக்கும். அந்தப் பிள்ளைக்கு: 4-உம் −4-உம் எதிரெண்கள், கூட்டினால் 0. எதை 0-ஆல் பெருக்கினாலும் 0. ஆகவே (−3) × (4 + (−4)) = 0. அடைப்பைப் பிரித்தால் (−3) × 4 + (−3) × (−4) = 0. முதல் பகுதி −12 என்று நமக்குத் தெரியும். −12-உடன் எதைக் கூட்டினால் 0 வரும்? +12. இரண்டாவது பகுதிக்கு வேறு வழியே இல்லை. மிகை எண்களில் நாம் சின்ன வயதிலிருந்து நம்பிவந்த பெருக்கல் பழக்கங்கள் குறை எண்களிலும் உடையாமல் இருக்க வேண்டுமானால், இரண்டு குறைகளின் பெருக்கல் மிகையாக இருந்தே தீர வேண்டும்.

வகுத்தலுக்குத் தனி விதி வேண்டாம், பெருக்கலைத் திருப்பிப் பார்த்தால் போதும். −12 ÷ 4 = −3. −12 ÷ (−4) = 3. ஆனால் ஒரு முழுவை இன்னொரு முழுவால் வகுத்தால் எப்போதும் முழுவே வரும் என்று நினைத்துவிடக் கூடாது. −7-ஐ 2-ஆல் வகுத்தால் −3.5, அது முழுக்கள் கூட்டத்தை விட்டு வெளியே போய்விட்டது. கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றிலும் அப்படி வெளியே போகவே முடியாது.

பிள்ளைக்குப் பிடிபட்டதா என்று பார்க்க நான் கொடுப்பது நான்கே கணக்கு: −7 − 5, −7 + 5, −7 − (−5), 7 − (−5). விடைகள் வரிசையாக −12, −2, −2, 12. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே விடை வந்ததைப் பார்த்து ஏன் என்று கேட்டால் விஷயம் பிடிபட்டுவிட்டது. முதலாவதற்கு 12 என்று எழுதியிருந்தால் இன்னும் அந்தப் பாட்டுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. மறுபடியும் எண்கோட்டை நிற்கவைத்து, −7-இல் விரலை வைத்து, 5 படி எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.